பேரப்பிள்ளைகளின் பள்ளித் தோட்டம்: நடவுக்கு முன் மூத்தோர் தெரிந்துகொள்ள வேண்டியவை



இடைநிலைப்பள்ளியில் படிக்கும் உங்கள் பேரனோ பேத்தியோ காய்கறித் தோட்டக் கழகத்தில் சேர்ந்திருக்கிறார்களா? அப்படியானால் வீட்டில் இந்நேரம் கேள்விகள் கிளம்பியிருக்கும். "பாட்டி, வெண்டை விதையை ஊற வைக்கணுமா?" "தாத்தா, சுண்ணாம்பு எப்போ போடணும்?" என்று பிள்ளைகள் வந்து நிற்பார்கள். கழகத்தின் பொறுப்பாசிரியரும் வீட்டிலுள்ள பெரியவர்களைக் கேட்டுவரச் சொல்லி அனுப்புவதுண்டு. சில பள்ளிகளில் பாத்தி கட்டும் நாளில் குடும்பத்தாரையும் உதவிக்கு அழைப்பார்கள்.

போய் உதவுங்கள். வீட்டில் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருப்பதைவிட அது உடலுக்கும் மனத்துக்கும் நல்லது. ஆனால் 60, 70 வயதைக் கடந்தவர்கள், அதிலும் நீரிழிவு உள்ளவர்கள், மண்ணில் இறங்குவதற்கு முன் சிலவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பாதி விளக்கம் செடிகளைப் பற்றியது, பாதி உங்களைப் பற்றியது.

சுகாதாரத் துறைக்குத் தோட்டத்தில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். 2023-ஆம் ஆண்டு நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு, நீரிழிவு இருக்கிறது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அது மிக அதிகம். போதுமான அளவு காய்கறியும் பழமும் சாப்பிடாதவர்கள் நூற்றுக்குச் சுமார் 95 பேர். நம் வீட்டுச் சாப்பாட்டில் காய்கறி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் சோற்று மலைக்கு அருகில் ஒரு கரண்டி பொரியலாக ஒதுங்கிக் கிடக்கிறது. தான் நட்ட கீரையைப் பிள்ளை ஒதுக்கி வைப்பது அரிது. பேரப்பிள்ளை சாப்பிட்டால் தாத்தாவும் சாப்பிடுவார்.

நமக்கு இது புதிதல்ல

தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு நாங்கள் மண்வெட்டி பிடிக்கக் கற்றுத்தர வேண்டியதில்லை. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டமே, குடும்பத்தோடு வாழும் தோட்டத் தொழிலாளிக்குப் பயிர் செய்யவும் மாடு ஆடு மேய்க்கவும் ஏக்கரில் 16-இல் ஒரு பங்கு நிலம் ஒதுக்க வேண்டும் என்று சொன்னது. எல்லாத் தோட்டங்களிலும் அது ஒழுங்காகக் கிடைத்தது என்று சொல்ல முடியாது. கிடைத்த இடங்களில் லயத்துக்குப் பின்னால் முருங்கை, கத்தரி, அவரைப் பந்தல், ஒரு மூலையில் கறிவேப்பிலை என்று ஒரு சிறு உலகமே இருந்தது. ஜப்பானியர் காலமான 1942 முதல் 1945 வரை அரிசி கிடைக்காதபோது மரவள்ளிக் கிழங்குதான் பல குடும்பங்களைக் காப்பாற்றியது.

இன்னொன்றும் பலருக்கு நினைவிருக்கும். 1974-இல் அப்போதைய பிரதமர் துன் அப்துல் ரசாக் 'ரஞ்சாங்கான் புக்கு ஹிஜாவ்' என்ற பசுமைப் புத்தகத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். உலக அளவில் எண்ணெய் விலை ஏறி, பண்டங்களின் விலையும் சேர்ந்து ஏறியிருந்த நேரம் அது. காலியாகக் கிடக்கும் நிலத்தில் காய்கறி நடுங்கள், தேவையான உணவை நீங்களே விளைவித்துக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். பள்ளி வளாகங்களிலும் பாத்திகள் எழுந்தன. அன்று அரைக்கால் சட்டையோடு தண்ணீர் ஊற்றிய மாணவர்கள்தாம் இன்று இதைப் படிக்கும் தாத்தாக்களில் பலர்.

பேரப்பிள்ளையின் பள்ளியில் அப்படி ஒரு கழகம் இல்லையென்றாலும் ஆசையை விட வேண்டியதில்லை. பிரிக்பீல்ட்ஸிலிருந்து சற்றுத் தொலைவில், பங்சார் பகுதியில், உயரழுத்த மின்கம்பிகள் செல்லும் சரிவில் 'கெபுன் கெபுன் பங்சார்' என்ற சமூகத் தோட்டம் இருக்கிறது. நிலவடிவமைப்பாளர் இங் செக் சான் முன்னின்று 2017-இல் தொடங்கியது. புல் மண்டிக் கிடந்த நிலம் அண்டை அயலாரின் உழைப்பால் எப்படி மாறும் என்பதைப் பிள்ளைகளோடு போய்ப் பார்க்கலாம்.

எப்போது தொடங்குவது?

தமிழ்நாட்டில் ஆடிப் பட்டம் தேடி விதைப்பார்கள். இங்கே குளிர்காலமும் இல்லை, நீண்ட கோடையும் இல்லை. ஆண்டு முழுவதும் எதையாவது நடலாம். ஆனால் கிள்ளான் பள்ளத்தாக்கில் மழை ஒரே சீராகப் பெய்வதில்லை. மார்ச் கடைசி முதல் மே தொடக்கம் வரையும், மீண்டும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பருவக்காற்று மாறும். அப்போது பிற்பகலில் இடி மின்னலோடு மழை கொட்டும். ஜூன், ஜூலை மாதங்கள் ஒப்பளவில் வறண்டவை. பிப்ரவரியும் பெரும்பாலும் காய்ச்சலாகவே இருக்கும்.

ஆகவே பாத்தி வெட்டுவது, வடிகால் எடுப்பது, மண் பதப்படுத்துவது போன்ற கனமான வேலைகளை மழை தொடங்குவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். கொட்டும் மழைக்கு நடுவில் விதைத்தால் சிறு கீரை விதைகள் அடித்துக்கொண்டு போய்விடும். நாற்றுகளை மட்டும் ஒரு பிளாஸ்டிக் கூரையின் கீழ் வளர்த்து, நான்கு இலை வந்த பிறகு பாத்திக்கு மாற்றுவது நல்லது.

பள்ளி நாட்காட்டியையும் பார்க்கச் சொல்லுங்கள். இதைப் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள். நான்கு வாரத்தில் தவணை விடுமுறை வருகிறதென்றால், மூன்று மாதம் கழித்துக் காய்க்கும் மிளகாயை மட்டும் நம்பினால் எல்லோரும் வீட்டிலிருக்கும்போது செடி வாடிவிடும். விடுமுறையில் யார் தண்ணீர் ஊற்றுவது என்ற பட்டியலை முதல் கூட்டத்திலேயே எழுதுவது நல்லது. இதற்கு இன்னொரு காரணமும் உண்டு; கொசுவைப் பற்றிச் சொல்லும்போது அதற்கு வருகிறோம்.

மண்ணும் உரமும்

செங்கல் சூளைகள் இருந்த இடம் என்பதால்தான் பிரிக்பீல்ட்ஸுக்கு அந்தப் பெயர். செங்கல்லுக்கு நல்லதான களிமண் காய்கறிக்கு அவ்வளவு நல்லதல்ல. கிள்ளான் பக்கத்தில் கடலோரக் களிமண். மழை பெய்தால் தண்ணீர் உடனே இறங்காது. அதனால் தரைமட்டத்தில் விதைக்காமல் 20 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பாத்தி எழுப்ப வேண்டும். இரு பக்கமும் கை நீட்டினால் நடுப்பகுதி எட்டும்படி, ஒரு மீட்டர் அகலம் போதும்.

உங்களுக்காக ஒரு யோசனை. பலகையோ செங்கல்லோ வைத்து, இடுப்பு உயரத்தில் ஒரு பாத்தி மட்டும் கட்டச் சொல்லுங்கள். முட்டிவலி உள்ளவர்கள் குனியாமல் அதில் வேலை செய்யலாம். சக்கர நாற்காலியில் இருப்பவரும் பங்கெடுக்கலாம்.

நம் மண் பெரும்பாலும் புளிப்புத் தன்மை கொண்டது. நடவுக்கு இரண்டு வாரம் முன்பே விவசாயச் சுண்ணாம்பு தூவிக் கிளறி விடவேண்டும். சுண்ணாம்பையும் கோழி எருவையும் ஒரே நாளில் கலக்கக் கூடாது. கலந்தால் எருவின் சத்து ஆவியாகிப் போய்விடும். மூக்கைத் துளைக்கும் நெடி வருவது அதனால்தான். பச்சைக் கோழி எரு ஈயை வரவழைக்கும், இளம் வேரைக் கருக்கும், வயிற்றுப்போக்குக் கிருமிகளையும் சுமந்து வரும். நன்றாக மக்கிய எரு மட்டுமே பள்ளிக்குள் வரவேண்டும். எருவைக் கிளறும்போது முகக்கவரி அணியுங்கள். கோவிட் காலத்தில் வாங்கி மீந்தவை வீட்டில் கட்டாயம் இருக்கும்.

என்ன நடலாம்?

முதல் முறை நடும் கழகத்துக்குக் கீரைதான் தைரியம் தரும். கங்கோங், தண்டுக்கீரை, சாவி மூன்றும் சுமார் நான்கு வாரத்தில் அறுவடைக்கு வந்துவிடும். வெண்டையும் பயற்றங்காயும் ஏறத்தாழ 45 முதல் 50 நாள் கேட்கும். வெண்டை விதையை ஓரிரவு ஊற வைத்து நேரடியாகப் பாத்தியில் ஊன்றலாம். மிளகாயும் கத்தரியும் நாற்றுவிட்டு மாற்ற வேண்டியவை, பொறுமை வேண்டும். சூரிய ஒளி ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது விழும் இடமா என்று பார்த்துவிட்டுத்தான் எதையும் நட வேண்டும். பள்ளிக் கட்டடத்தின் நிழலில் நட்ட வெண்டை ஓங்கி வளரும், காய்க்காது.

முருங்கை, கறிவேப்பிலை, பசலை போன்றவற்றின் விதையோ கன்றோ கொம்போ உங்களிடம் இருக்கும். பேரங்காடி விதைப் பொட்டலத்தைவிட அது மதிப்புள்ளது. கொடுக்கும்போது அதை எப்படிச் சமைப்பது என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.

உங்கள் பாதத்தைப் பற்றி

இனி வருவதை நீரிழிவு உள்ளவர்கள் தயவுசெய்து பொறுமையாகப் படியுங்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ளும் மகனும் மருமகளும் படித்தால் இன்னும் நல்லது.

நம்மில் பலருக்குச் செருப்பில்லாமல் மண்ணை மிதித்தால்தான் தோட்ட வேலை செய்த திருப்தி. ஆனால் நீரிழிவு பல ஆண்டுகளாக இருந்தால் பாதத்தின் நரம்புகள் மெல்ல மெல்ல உணர்விழக்கும். முள் குத்தினாலும் சிராய்த்தாலும் தெரியாது. சனிக்கிழமை காலை குத்திய மூங்கில் சிலாம்பு செவ்வாய்க்கிழமை பாதம் வீங்கிய பிறகுதான் கண்ணுக்குப் படும். அதற்குள் புண் ஆழமாகப் போயிருக்கும். விரலையோ காலையோ எடுக்க நேர்ந்த பலருக்கு, தொடக்கம் இப்படி ஒரு சின்னக் காயம்தான்.

மண்ணில் வாழும் ஒரு கிருமி இதை இன்னும் ஆபத்தாக்குகிறது. அது உண்டாக்கும் நோய்க்கு மெலியோய்டோசிஸ் என்று பெயர். பெயர் அயலாகத் தோன்றினாலும் நோய் நம் ஊரினது. கோலாலம்பூரில் 1900-இல் நிறுவப்பட்ட மருத்துவ ஆய்வுக் கழகத்தில் 1913-இல் சோதனை விலங்குகளிடையே இது பரவியது. அங்கே பணியாற்றிய ஸ்டான்டன், பிளெட்ச்சர் என்ற இரு மருத்துவர்கள்தாம் 1921-இல் அதற்கு இந்தப் பெயரைச் சூட்டினார்கள். நூறு ஆண்டுக்கு மேலாக அறிந்த நோய்; ஆனாலும் அதைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு.

கிருமி ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் இருக்கும். தோலிலுள்ள வெட்டு, சிராய்ப்பு வழியாக உள்ளே போகும். சேற்று நீர்த் துளியை மூச்சில் இழுத்தாலும், அசுத்தமான நீரைக் குடித்தாலும் போகலாம். மழைக்காலத்தில் அதிகம். ஆரோக்கியமான ஒருவருக்கு ஒன்றும் ஆகாமலே போகக்கூடும். ஆனால் இந்நோய் கண்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுக்காரர்கள். சிறுநீரக நோயாளிகளுக்கும் ஆபத்து உண்டு. பெரும்பாலும் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், இருமல், நெஞ்சுவலி என்று நிமோனியா போலத் தொடங்கும். சிலருக்குச் சீழ்க்கட்டியாக வரும். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. குணப்படுத்தலாம், ஆனால் மருத்துவமனையில் நரம்பு வழி மருந்து, பிறகு சில மாதங்கள் மாத்திரை என்று நீண்ட சிகிச்சை தேவைப்படும்.

பயந்து தோட்டத்தை விட்டுவிட வேண்டாம். முழங்காலுக்குக் கீழ்வரை வரும் ரப்பர் பூட்ஸ், உள்ளே பருத்திக் காலுறை, கையில் ரப்பர் கையுறை இவை இருந்தால் போதும். மரம் சீவியவர்களுக்கு பூட்ஸ் பழகியதுதானே! அணியும் முன் கவிழ்த்துத் தட்டுங்கள். பூரானோ தேளோ ஒளிந்திருக்கலாம். கையிலோ காலிலோ ஆறாத புண் இருந்தால் அந்த வாரம் மண்வேலை வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து விதை பிரிக்கலாம், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். கனமழை பெய்த மறுநாள் சேற்றில் இறங்குவதைத் தவிர்ப்பது நல்லது.

வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகால் கழுவித் துடையுங்கள். விரல் இடுக்குகளையும் துடையுங்கள். அன்று இரவு விளக்கு வெளிச்சத்தில் இரண்டு பாதங்களின் அடியையும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். பேத்தியைப் பார்க்கச் சொன்னாலும் சரிதான். 'பிள்ளையைப் போய்க் காலைப் பார்க்கச் சொல்வதா' என்று கூச்சப்படுபவர்கள் உண்டு. தாராளமாகச் சொல்லுங்கள், பிள்ளைகள் மகிழ்ச்சியோடு செய்வார்கள்.

எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் நோய்க்கும் இதே பூட்ஸும் கையுறையும்தான் பாதுகாப்பு. பள்ளிச் சிற்றுண்டிச் சாலைக்கு அருகில் தோட்டம் இருந்தால் எலி வரும். உணவுக் கழிவைத் திறந்த குழியில் கொட்டாமல் மூடியுள்ள தொட்டியில் மக்கவிடச் சொல்லுங்கள். தோட்டத்தில் வேலை செய்த இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் தசைவலி, கண் சிவப்பு, மஞ்சள் காமாலை எது வந்தாலும் கிளினிக்குக்குப் போங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும், "நான் தோட்டத்தில் மண்வேலை செய்தேன், எனக்கு நீரிழிவு இருக்கிறது" என்று நீங்களே சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் எந்தப் பரிசோதனை செய்வது என்பதை மாற்றக்கூடும்.

இசிவு நோய்க்கான டெட்டனஸ் தடுப்பூசியைக் கடைசியாக எப்போது போட்டீர்கள்? நினைவில்லை என்பதுதான் பலரின் பதில். பத்து ஆண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது கேளுங்கள்.

கொசு வளர்க்கும் தோட்டம் வேண்டாம்

2023, 2024 ஆகிய ஒவ்வோர் ஆண்டிலும் மலேசியாவில் 120,000-க்கும் மேற்பட்ட டிங்கி சம்பவங்கள் பதிவாயின. மாநிலங்களில் சிலாங்கூர்தான் வழக்கமாக முன்னணியில் நிற்கிறது. பெருமைப்படக் கூடிய முன்னணி அல்ல.

ஏடிஸ் கொசுவுக்குக் குளம் தேவையில்லை. ஒரு மூடியளவு தெளிந்த நீர் போதும். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள். அதனால்தான் வாரத்துக்கு ஒரு முறை என்கிறோம். ஒரு வாரம் விட்டால் ஒரு தலைமுறை பறந்துவிடும். இரண்டு வார விடுமுறையில் யாரும் எட்டிப்பார்க்காத பள்ளித் தோட்டம் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

தோட்டத்தில் தண்ணீர் தேங்கும் இடங்கள் சில கண்ணில் படாதவை. பயற்றங்கொடிக்கு நடும் மூங்கில் கழியின் வெட்டிய முனை குழாய்போல் திறந்திருக்கும். மழை பெய்தால் அதற்குள் கொசு முட்டையிடும். கணுவுக்கு நேர் மேலே வெட்டுங்கள், அல்லது மண்ணால் அடைத்துவிடுங்கள். பழக்கடையில் வாங்கி வந்த வெள்ளைப் பெட்டியில் நடும்போது அடியில் ஓட்டை போடாவிட்டால் அதுவும் தொட்டிதான். பூச்சட்டியின் அடித்தட்டு, மடிந்து கிடக்கும் பிளாஸ்டிக் விரிப்பு, கவிழ்க்காமல் விட்ட பூவாளி, பழைய டயர் எல்லாவற்றையும் ஒரு சுற்று பாருங்கள். கழகத்தில் டயரை வண்ணமடித்துப் பாத்தியாக்க விரும்புவார்கள். மண்ணை விளிம்புவரை நிரப்பினால் பரவாயில்லை. இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மழைநீர்ப் பீப்பாய் வைத்தால் இறுக மூடவேண்டும். மூட முடியாததற்குக் கொசுப்புழு மருந்து இடலாம். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. ஏடிஸ் முட்டை பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் மீண்டும் நனைந்தால் பொரிக்கும். தேய்த்துக் கழுவுங்கள். 1975-ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டத்தின்கீழ் கொசுப்புழு கண்டால் 500 ரிங்கிட் வரை சமரசத் தண்டம் விதிக்கலாம். பள்ளிக்கும் வீட்டுக்கும் ஒரே சட்டம்தான்.

வெயிலுக்குப் பயந்து விடியற்காலையிலும் அந்தியிலும் தோட்டத்துக்குப் போகிறோம். ஏடிஸ் அதிகமாகக் கடிப்பதும் அதே நேரங்களில்தான். இரண்டுக்கும் நடுவில் காலை எட்டரை மணி முதல் பத்து மணி வரை ஓரளவு பொருத்தமான நேரம். முழுக்கைச் சட்டை, வெளிர் நிறம், கொசு விரட்டி மூன்றும் இருக்கட்டும்.

காய்ச்சல் வந்தால் பாரசிட்டமால் மட்டும். தசைவலிக்காக வீட்டில் வைத்திருக்கும் ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை எடுக்கக் கூடாது. டிங்கியில் அவை இரத்தக் கசிவைக் கூட்டும். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் தாமாக நிறுத்தாமல் அன்றே டாக்டரிடம் சொல்ல வேண்டும். இன்னொன்று: மூன்றாம் நாள் அல்லது அதற்குப் பிறகு காய்ச்சல் இறங்கியதும் 'விட்டுவிட்டது' என்று எண்ணி எழுந்து நடமாடுவார்கள். ஆபத்தான கட்டம் அப்போதுதான் தொடங்கலாம். கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறில் இரத்தம், மிகுந்த சோர்வு, சிறுநீர் குறைதல் இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே மருத்துவமனை. வயதானவர்களுக்குக் காய்ச்சல் அதிகம் காட்டாமல் வெறும் சோர்வாகவும் மந்தமாகவும் இருக்கக்கூடும். வீட்டார் கவனிக்க வேண்டும்.

வெயிலும் மாத்திரையும்

தொடர்ந்து மூன்று நாள் அதிகபட்ச வெப்பம் 35 முதல் 37 பாகை இருந்தால் மலேசிய வானிலை ஆய்வுத் துறை முதல் நிலை எச்சரிக்கை விடுக்கும். அந்த நாட்களில் முதியோர் வெளிவேலை செய்ய வேண்டாம். 'நாங்கள் காணாத வெயிலா' என்பீர்கள். கண்டதெல்லாம் 30 வயதில். இப்போது உடல் தாகத்தைக்கூடத் தாமதமாகத்தான் உணர்த்தும்.

இரத்த அழுத்தத்துக்காக நீர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு உடல்நீர் சீக்கிரம் வற்றும். குந்தியிருந்து சட்டென எழுந்தால் தலை சுற்றும். நெளிந்து கிடக்கும் தண்ணீர்க் குழாயும் பாசி படிந்த சிமெண்டும் அந்த நேரத்தில் காலை வாரிவிடும். முக்காலி போட்டு உட்கார்ந்து செய்யுங்கள். எதையாவது பிடித்துக்கொண்டு மெதுவாக எழுங்கள். தண்ணீர் போத்தல் கையருகில் இருக்கட்டும். இதயம், சிறுநீரகம் காரணமாகத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்கள் அந்த அளவை மீற வேண்டாம், வேலையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இன்சுலின் போடுபவர்களும் கிளிக்லசைட் வகை மாத்திரை சாப்பிடுபவர்களும் வெறும் வயிற்றோடு மண்வெட்டியைத் தொடக் கூடாது. வியர்வை, நடுக்கம், படபடப்பு, தடுமாற்றம் வந்தால் அது வெயில் களைப்பு என்று நினைத்து நிழலில் படுத்துவிடாதீர்கள். சர்க்கரை 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கியிருக்கலாம். மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். சட்டைப் பையில் மிட்டாய் வைத்திருங்கள். அது எதற்கு என்று பேரப்பிள்ளைக்கும் ஆசிரியருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றாமல் 999-ஐ அழைக்க வேண்டும்.

கொட்டகையில் இருக்கும் பழைய போத்தல்

தோட்டத்தில் வேலை செய்தவர்களின் வீட்டுக் கொட்டகையில் பாதி மீந்த களைக்கொல்லி போத்தல் சில நேரம் கிடக்கும். 'பள்ளியில் புல் மண்டிக் கிடக்கிறதே, உதவியாக இருக்கும்' என்று எடுத்துப் போய்விடாதீர்கள். பாராகுவாட் களைக்கொல்லி மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டது. ஒரு வாய் விழுங்கினாலும் உயிரைப் பறிக்கும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. குளிர்பான போத்தலில் ஊற்றி வைத்திருந்தால் இன்னும் பயங்கரம், ஏனென்றால் பிள்ளைகள் அதைப் பானம் என்றுதான் நினைப்பார்கள். சாக்கடையில் ஊற்ற வேண்டாம். பூட்டி வைத்து, எப்படி அப்புறப்படுத்துவது என்று விவசாயத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் 999-ஐ அழைத்து, போத்தலையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பள்ளிப் பாத்திக்குக் கைக்களை எடுப்பதே போதும். 30 பிள்ளைகள் இருக்கும் இடத்தில் களைக்கு என்ன பஞ்சம், கைக்கு என்ன பஞ்சம்!

அறுவடை தட்டுக்கு வரும்போது

சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு சுக்கு செப்பாரோ' தட்டை கிளினிக் சுவரில் பார்த்திருப்பீர்கள். கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ, பாதித் தட்டு காய்கறியும் பழமும். சமைத்த கீரை என்றால் அரைக் கிண்ணம் ஒரு பரிமாறல். காய்கறியில் ஒரு நாளைக்கு மூன்று பரிமாறல் வேண்டும். மரவள்ளி, சக்கரவள்ளி, உருளை மூன்றும் தோட்டத்தில் விளைந்தாலும் காய்கறிக் கணக்கில் வராது. அவை சோற்றுக் கணக்கு. மரவள்ளியைத் தோலுரித்து நன்றாக வேகவைத்து, வெந்த நீரைக் கொட்டிவிட வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். பச்சையாகக் கடித்துப் பார்க்க ஒருவன் கட்டாயம் இருப்பான்.

கீரையை இலை இலையாக ஓடும் நீரில் கழுவிச் சமையுங்கள். எலியும் நத்தையும் நடமாடிய பாத்தியிலிருந்து பறித்து அப்படியே பச்சையாகத் தின்ன வேண்டாம். பாகற்காய் நல்ல காய். அதன் சாற்றை நம்பி நீரிழிவு மாத்திரையை நிறுத்துவது தவறு; மாத்திரையோடு சேர்த்து நிறையக் குடித்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கவும் கூடும்.

இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் கீரையை விடவேண்டியதில்லை. ஆனால் ஒரு வாரம் ஒன்றுமில்லாமல், அறுவடை வாரத்தில் தினமும் கட்டுக்கட்டாக என்று சாப்பிட்டால் மருந்தின் வேலை ஏறி இறங்கும். அளவு சீராக இருக்கட்டும்.

சிறுநீரக நோய் முற்றியவர்களுக்குக் கீரையிலும் சில காய்களிலும் உள்ள பொட்டாசியம் ஒத்துக்கொள்ளாது. கிளினிக்கில் உணவியலாளரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் தொடவே கூடாத பழம் ஒன்று உண்டு: பெலிம்பிங் எனும் நட்சத்திரப் பழம். பள்ளி வளாகங்களிலும் வீட்டு முற்றங்களிலும் சாதாரணமாகக் காய்த்துத் தொங்கும். நல்ல சிறுநீரகம் வெளியேற்றிவிடும் ஒரு நஞ்சு, பழுதான சிறுநீரகம் உள்ளவரின் உடலில் தங்கி மூளையைத் தாக்கும். நிற்காத விக்கல், குழப்பம், வலிப்பு என்று போய் உயிரிழந்தவர்களும் உண்டு. ஒரே ஒரு பழம்கூடப் போதும். பேரன் ஆசையாகப் பறித்துக்கொண்டு வந்து நீட்டினாலும், டயாலிசிஸ் செய்பவர்கள் அவனையே சாப்பிடச் சொல்லிவிடுங்கள்.